அலுமினாவின் மேல் நிக்கல்: டொலுயீனுக்கு ஹைட்ரஜன் ஏற்றும் வினையூக்கியைச் செய்து பார்த்த பதிவு

அரோமேட்டிக் வளையத்துக்கு ஹைட்ரஜன் ஏற்றும் வினையூக்கி ஒன்றை உலோக உப்பிலிருந்து தொடங்கி நானே தயாரித்து, அதை ஒரு சிறிய குழாய் உலையில் ஓட்டிப் பார்த்த வேலையின் பதிவு இது. வினை, டொலுயீனின் ஒரு மூலக்கூறு மூன்று மூலக்கூறு ஹைட்ரஜனை ஏற்று மெத்தில் சைக்ளோஹெக்சேனாக மாறுவது. உலோகம் நிக்கல், அதைத் தாங்குவது நுண்துளைகள் நிறைந்த அலுமினியம் ஆக்சைடான காமா அலுமினா. வேலை முடிவதற்குள் மூன்று இடங்களில் சறுக்கினேன். அவற்றில் முதலாவது சுடும் உலையிலும், இரண்டாவது வினைக்குழாயின் உள்ளேயும், மூன்றாவது டொலுயீன் புட்டியிலும் ஒளிந்திருந்தன. சரியாக வந்ததை மட்டும் எழுதினால் இதே வேலையைச் செய்ய முனைபவருக்கு அது பாதிதான் பயன்படும் என்பதால், சறுக்கல்களை விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த வினைக்கு நிக்கல் பழைய உலோகம். பால் சபாத்தியேவும் சாந்தெரெனும் 1901-இல் பென்சீன் ஆவியையும் ஹைட்ரஜனையும் சுமார் 180 பாகை செல்சியஸில் இருந்த நிக்கல் தூளின் மேல் செலுத்திச் சைக்ளோஹெக்சேனைப் பெற்றார்கள். உலோகத் தூள்களைக் கொண்டு ஹைட்ரஜன் ஏற்றிய இந்த ஆய்வுகளுக்காக 1912-இல் சபாத்தியேவுக்கு நோபல் பரிசில் பாதி கிடைத்தது. பிளாட்டினம், ரோடியம், ருத்தேனியம் ஆகியவை ஓர் அணுவுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் நிக்கலைவிட விரைவாக வேலை செய்பவை. ஆனால் அவற்றைத் தாங்கியின் மேல் பெரும்பாலும் மிகச் சிறு அளவிலேயே ஏற்றுகிறார்கள். அந்தச் சிறு அளவில் தயாரிப்பு பிழைத்ததா என்பதைக் கண்ணால் அறிய வழியில்லை. நிக்கலோ ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் மாறித் தன் நிலையைச் சொல்லிவிடுகிறது. கற்றுக்கொள்ளும் வேலைக்கு இது பெரிய வசதி என்று எனக்குப் பட்டது. பென்சீனுக்குப் பதில் டொலுயீனை எடுத்ததற்கு முதற்காரணம் பென்சீன் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்பது. இன்னொரு காரணமும் உண்டு. மெத்தில் சைக்ளோஹெக்சேன் தன் எடையில் 6.2 விழுக்காடு ஹைட்ரஜனைத் திருப்பித் தரக்கூடிய திரவம். 2020-இல் புரூணையிலிருந்து ஜப்பானுக்கு ஹைட்ரஜனை இந்த வடிவில்தான் கப்பலில் கொண்டு சென்று காட்டினார்கள்.

தொடங்கும் முன் சில எண்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டேன். 1 மோல் டொலுயீன் முழுவதும் ஹைட்ரஜனேறும்போது ஏறத்தாழ 205 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. வினை மீளக்கூடியது, வளிமண்டல அழுத்தத்தில் 280 பாகையை ஒட்டிச் சமநிலை மாறிலி 1-க்கு இறங்கிவிடுகிறது, அதற்கு மேலே போகப் போக மெத்தில் சைக்ளோஹெக்சேன் ஹைட்ரஜனை இழந்து மறுபடியும் டொலுயீனாவதே மேலோங்கும். ஆகவே இந்த வினைக்கு வெப்பநிலையைக் கூட்டுவது எப்போதும் நன்மை தராது. வளையத்தில் முதல் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் ஏறுவதுதான் கடினமான படி. பென்சீன் சைக்ளோஹெக்சாடையீனாக மாறும் படி வெப்பத்தை உறிஞ்சுவது, ஏனென்றால் அங்கேதான் அரோமேட்டிக் நிலைப்புத்தன்மை உடைகிறது. அந்தப் படியைத் தாண்டிய மூலக்கூறு பெரும்பாலும் பரப்பை விட்டு விலகாமல் கடைசி வரை ஹைட்ரஜனேறியே வெளியே வருகிறது. நிக்கலின் மேல் இடைநிலைப் பொருள்களைக் காண்பது அரிதாக இருப்பதற்கு இதுவே காரணம். சைக்ளோஹெக்சீனில் நிறுத்த விரும்புபவர்கள் ருத்தேனியத்தை நாடி, தண்ணீரையும் துத்தநாக உப்பையும் உடன் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனித் தயாரிப்பு. அலுமினா மணிகளை உடைத்து, 0.25 மில்லிமீட்டருக்கும் 0.5 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட துகளைச் சலித்தெடுத்து, 500 பாகையில் 4 மணி நேரம் சுட்டு, உலர்த்துகலத்தில் ஆறவைத்தேன். அதன் நுண்துளைகள் எவ்வளவு திரவம் கொள்ளும் என்பதை முதலில் அளந்தாக வேண்டும். 10 கிராம் அலுமினாவை ஒரு கண்ணாடிக் குடுவையில் இட்டு, குலுக்கியபடியே பியூரெட்டிலிருந்து துளித்துளியாகத் தண்ணீர் விட்டேன். துகள்கள் வெகுநேரம் உலர்ந்த மணலைப் போல உருண்டுகொண்டே இருந்தன, 6.2 மில்லிலிட்டரைத் தொட்டபோது சட்டென்று ஒன்றோடொன்று ஒட்டிக் குடுவையின் சுவரில் படிந்தன. அந்த இடத்தில் துளைகள் நிறைந்து, புறப்பரப்பு நனையத் தொடங்குகிறது. ஆக, ஒரு கிராமுக்கு 0.62 மில்லிலிட்டர். இதை மூன்று முறை செய்து பார்த்தேன். ஒரு துளி, இரண்டு துளி வேறுபாட்டுக்குள் அதே அளவுதான் வந்தது. இத்தனை எளிய அளவீடு இவ்வளவு துல்லியமாக இருப்பது எனக்கு இன்னும் மகிழ்ச்சி தருகிறது.

நூற்றுக்கு 15 பங்கு நிக்கல் உள்ள 10 கிராம் வினையூக்கிக்கு 1.5 கிராம் நிக்கல் வேண்டும். நிக்கல் நைட்ரேட்டின் ஆறு நீர் மூலக்கூறு கொண்ட பச்சைப் படிகத்தில் நிக்கல் 20.2 விழுக்காடு, ஆகவே 7.43 கிராம் படிகம். எஞ்சிய 8.5 கிராம் அலுமினாவின் துளைகள் கொள்வதோ ஏறத்தாழ 5.3 மில்லிலிட்டர்தான். அவ்வளவு உப்பு அந்தக் கொள்ளளவில் அறை வெப்பநிலையில் கரையாது. சூடாக்கிக் கரைத்து ஒரே தடவையில் ஊற்றிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் ஆறும்போது படிகம் துளைக்கு வெளியே வந்து உட்கார்ந்துவிடும் என்பதால், பாதிப் பாதியாக இரண்டு முறை ஊட்டுவதென்று முடிவு செய்தேன். முதல் முறை 3.72 கிராம் படிகத்தைக் கரைத்து மொத்தக் கொள்ளளவு 5.2 மில்லிலிட்டர் ஆகும்படி நீர் சேர்த்து, துளித்துளியாக விட்டுக் கிளறினேன். கடைசித் துளி வரை துகள்கள் உதிரியாகவே இருந்தன, எல்லாம் ஒரே சீரான வெளிர்பச்சை நிறத்துக்கு வந்தன. இரண்டு மணி நேரம் மூடி வைத்து, பிறகு அறை வெப்பநிலையில் ஓர் இரவு விரித்துக் காயவிட்டு, அதன் பின்னரே 110 பாகை அடுப்பில் வைத்தேன். நிக்கல் அயனி அமிலத்தன்மையுள்ள கரைசலில் அலுமினாவைப் பற்றிக்கொள்வதில்லை; நீர் ஆவியாகும் திசையிலேயே கரைசலும் இழுபட்டுப் போகும். பெரிய மணிகளில் செய்திருந்தால் நிக்கல் ஓரத்தில் திரண்டிருக்கக்கூடும், அங்கே சிட்ரிக் அமிலம் சேர்த்துக் கரைசலைக் கெட்டிப்படுத்துவது நல்ல வழி. அரை மில்லிமீட்டர் துகளுக்கு அது தேவைப்படவில்லை.

இரண்டாம் பாதியையும் இதே போல ஊட்டிக் காயவைத்த துகளைச் சுடுவதற்கு மஃபிள் உலையை 450 பாகைக்கு அமைத்து, மெல்லிய படலமாகப் பீங்கான் தட்டில் பரப்பி வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் தட்டை வெளியே எடுத்தபோது கருஞ்சாம்பலை எதிர்பார்த்த இடத்தில் அழகான வானநீலத்தைக் கண்டேன். பார்த்த கணத்திலேயே வயிறு கலங்கியது. நிக்கல் ஆக்சைடாகப் பரப்பில் நிற்காமல் அலுமினாவுக்குள் புகுந்து நிக்கல் அலுமினேட் என்னும் ஸ்பைனலாக மாறியிருக்கிறது. நீலம் அதன் அடையாளம். 450 பாகையில் இந்த அளவுக்கு ஸ்பைனல் உண்டாகக்கூடாது. தனியான ஒரு தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கும் கம்பியை) தட்டு இருந்த இடத்தில் வைத்து, உலையை மறுபடி அதே 450-க்கு அமைத்துப் பார்த்தேன். உள்ளே 790 பாகை காட்டியது. உலையின் சொந்தத் தெர்மோகப்பிள் தன் இடத்திலிருந்து பின்னுக்கு நழுவிக் காப்புச் செங்கலுக்குள் ஒதுங்கியிருந்தது. அது குளிர்ந்த இடத்தை அளந்துகொண்டிருக்க, உலை மேலும் மேலும் எரிந்திருக்கிறது. அன்று முதல் தட்டின் அருகே இரண்டாவது தெர்மோகப்பிள் இல்லாமல் நான் எதையும் சுடுவதில்லை.

அந்த நீலத் துகளைக் கொட்டிவிடவில்லை. ஹைட்ரஜனில் அது எவ்வளவு ஒடுங்குகிறது, அதாவது ஆக்சிஜனை இழந்து உலோகமாகிறது, என்று அளந்து பார்த்தால், பின்னால் சரியாக வரும் துகளோடு ஒப்பிட உதவும் என்று எண்ணினேன். இதற்கென்று தனிக் கருவி என்னிடம் கிடையாது. ஆனால் நிக்கல் ஆக்சைடு ஒடுங்கும்போது ஒவ்வொரு நிக்கல் அணுவுக்கும் ஒரு மூலக்கூறு தண்ணீர் பிறக்கிறது, அந்தத் தண்ணீரை எடை போட்டால் போதும். இரண்டாம் ஊட்டலும் முடிந்த துகள் 2 கிராமில் 0.30 கிராம் நிக்கல், அதாவது 5.11 மில்லிமோல், முழுதும் ஒடுங்கினால் 92 மில்லிகிராம் தண்ணீர் வரவேண்டும். முன்கூட்டியே உலர்த்திய நைட்ரஜனில் 450 பாகையில் வைத்து, வெளிவாயிலில் மாட்டிய பாஸ்பரஸ் பென்டாக்சைடு குழாயின் எடை ஏறுவது நின்ற பிறகே ஹைட்ரஜனைத் திறந்தேன். இல்லாவிட்டால் அலுமினா பிடித்து வைத்திருக்கும் ஈரமும் கணக்கில் சேர்ந்துவிடும். ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு, நீலத் துகளுக்கு 11 மில்லிகிராம் மட்டுமே ஏறியிருந்தது. துகளின் நிறமும் சற்றே மங்கியதோடு சரி. ஸ்பைனலுக்குள் சிக்கிய நிக்கலை வெளியே இழுக்க 700, 800 பாகை வேண்டும். அந்தச் சூட்டில் வெளிவரும் உலோகம் பெருமணிகளாகத் திரண்டுவிடும்.

இரண்டாம் தயாரிப்பில் சுடும் இடத்தை மஃபிள் உலையிலிருந்து குவார்ட்ஸ் குழாய்க்கு மாற்றி, காற்று ஓட்டத்தில் நிமிடத்துக்கு 2 பாகை வீதம் 400 வரை ஏற்றினேன். நைட்ரேட் சிதையும்போது பழுப்பு நிற நைட்ரஜன் டைஆக்சைடு கிளம்புகிறது. அது தேங்கி நின்றால் நிக்கல் ஆக்சைடு கொத்துக் கொத்தாகத் திரளும். ஓடும் காற்று அதை உடனே அடித்துச் சென்றுவிடும். வாயுவைக் கார நீரில் கொப்புளிக்க விட்டேன். துகள் இப்போது கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரே சீராக வந்தது. அதே எடையளவுச் சோதனையில் 78 மில்லிகிராம் தண்ணீர். நூற்றுக்கு 85 பங்கு நிக்கல் உலோகமாகிவிட்டது என்று பொருள். எக்ஸ் கதிர் விளிம்பு வளைவில் நிக்கல் உச்சியின் அகலத்தைக் கொண்டு கணக்கிட்டால் மணியின் பருமன் சுமார் 10 நானோமீட்டர். அந்தப் பருமனில் பத்தில் ஓர் அணு பரப்பில் இருக்கும். இந்த எண் பின்னால் மிகவும் உதவியது.

இங்கே எச்சரிக்கை ஒன்றை எழுதாமல் மேலே செல்ல முடியாது. ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை எந்த விகிதத்திலும் தீப்பற்றும். நைட்ரஜனால் குழாயைத் துடைக்காமல் ஒரு வாயுவிலிருந்து மற்றதற்கு நான் ஒருபோதும் மாறவில்லை. நிக்கல் உப்பும் ஆக்சைடுத் தூளும் மூச்சில் போனால் புற்றுநோய் விளைவிப்பவை. சலிப்பதும் நிறுப்பதும் புகைவெளியேற்றுக் கூண்டுக்குள்ளேயே நடக்க வேண்டும். ஒடுங்கிய நிக்கலோடு கார்பன் மோனாக்சைடு 50 பாகையை ஒட்டிய மிதமான சூட்டில் சேர்ந்தால் நிக்கல் கார்பனைல் என்னும் கொடிய நச்சு ஆவி பிறக்கும். கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கக்கூடிய ஹைட்ரஜனை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது.

வினைக்குழாய் 10 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள எஃகுக் குழாய். அதில் 0.5 கிராம் துகளை இட்டு, அங்கேயே 450 பாகையில் மறுபடி ஒடுக்கி, ஹைட்ரஜனிலேயே ஆறவைத்தேன். சிரிஞ்ச் பம்ப் மணிக்கு 3 மில்லிலிட்டர் டொலுயீனைச் சூடான கண்ணாடி மணிகளின் மேல் சொட்டவிட்டது. அது 28 மில்லிமோல். அதற்குப் பத்து மடங்கு ஹைட்ரஜன் என்றால் நிமிடத்துக்கு 113 மில்லிலிட்டர். வெளிவரும் ஆவியைக் குளிரவைத்துப் பிடித்து, ஒளிவிலகல் எண்ணை அளந்தேன். டொலுயீனுக்கு 20 பாகையில் 1.4969, மெத்தில் சைக்ளோஹெக்சேனுக்கு 1.4231. இடைவெளி பெரியது, கலவையில் ஏறத்தாழ நேர்கோட்டில் மாறுகிறது. ஒரு சொட்டில், ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கிறது. அவ்வப்போது வாயு நிறப்பகுப்பியில் சரிபார்த்தபோது இரண்டும் ஒத்தே வந்தன. தொடக்கத்தில் வெறும் பனிக்கட்டியில் குளிரவைத்தேன், அது தவறு. மெத்தில் சைக்ளோஹெக்சேன் டொலுயீனைவிட எளிதில் ஆவியாவதால் மிஞ்சிய ஹைட்ரஜனோடு கூடுதலாகத் தப்பிப்போய், மாற்றவிகிதம் (டொலுயீனில் எத்தனை விழுக்காடு மாறியது என்பது) உள்ளதைவிடக் குறைவாகத் தெரிந்தது. உலர்பனிக்கு மாறியதும் அந்தக் குறை தீர்ந்தது.

முதல் ஓட்டத்தில் கிடைத்தது ஒரு புதிர். உலைச் சுவரை 170 பாகையில் வைத்தபோது மாற்றவிகிதம் 71 விழுக்காடு. வினையூக்கி மெதுவாக இருக்கிறது என்று எண்ணி, சூட்டைக் கூட்டும் முன் ஒப்பீட்டுக்காக 150-க்கு இறக்கினேன். மாற்றவிகிதம் 83-க்கு ஏறிவிட்டது. குளிரக் குளிர வேகம் கூடுவதா என்று இரண்டு முறை திரும்பச் செய்தேன், இரண்டு முறையும் அதே விடை. சுவரின் வெளியே ஒட்டிய தெர்மோகப்பிளை நம்பிக்கொண்டிருந்ததுதான் பிழை என்பது பிறகு ஒரு கணக்குப் போட்டபோது விளங்கியது. 28 மில்லிமோல் டொலுயீன் ஒரு மணி நேரத்தில் வெளியிடும் வெப்பம் ஏறத்தாழ 1.6 வாட். ஒரு சென்டிமீட்டர்கூட உயரமில்லாத துகள் படுகைக்கு அது சிறிய அளவே அல்ல. வெப்பம் சிறிதும் வெளியேறாது என்று வைத்துக்கொண்டால் பத்து மடங்கு ஹைட்ரஜனுள்ள கலவை 400 பாகைக்கு மேல் சூடேறும். சமநிலை குறுக்கே வந்து அதைத் தடுக்கும் என்பது வேறு.

குழாயைப் பிரித்து, அதன் நடு அச்சில் 3 மில்லிமீட்டர் உறைக்குழாய் ஒன்றைப் பொருத்தி, அதற்குள் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய 1 மில்லிமீட்டர் தெர்மோகப்பிளைச் செருகினேன். சுவர் 170 காட்டியபோது படுகையின் உள்ளே 229 பாகை. நான் இதுவரை 170-இல் எடுத்ததாக எழுதி வைத்திருந்த எண் எதுவும் 170-க்கு உரியதல்ல. பழைய பக்கங்களின் குறுக்கே கோடு போட்டுவிட்டு, 0.5 கிராம் வினையூக்கியோடு அதே பருமனுள்ள சிலிக்கான் கார்பைடு 4 கிராமைக் கலந்து மறுபடி நிரப்பினேன். சிலிக்கான் கார்பைடு இந்த வினையில் எதுவும் செய்வதில்லை, வெப்பத்தை மட்டும் நன்றாகக் கடத்தும். படுகை நாலரை சென்டிமீட்டர் நீளத்துக்கு விரிந்தது. உள்ளே உச்ச வெப்பநிலை சுவரைவிட 9 பாகைதான் கூடுதல். அதே 170 பாகைச் சுவர், அதே ஓட்டம். ஒளிவிலகல் எண் 1.4253, அதாவது மாற்றவிகிதம் 97 விழுக்காடு.

இப்போது வெப்பநிலையோடு வேகம் எப்படி மாறுகிறது என்பதை நேர்மையாக அளக்க முடிந்தது. மாற்றவிகிதம் 97-ல் முட்டிக்கொண்டு நின்றால் வேறுபாடு தெரியாது என்பதால் வினையூக்கியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து, 130-இலிருந்து 230 வரை இருபது இருபது பாகையாக ஏற்றினேன். வேகம் 180 பாகையை ஒட்டி உச்சத்தைத் தொட்டுவிட்டுப் பிறகு இறங்கியது. 230-இல் 150-ஐவிடக் குறைவு. 230 பாகையில் சமநிலை இன்னும் 95 விழுக்காட்டுக்கு மேல் மாற்றத்தை அனுமதிக்கிறது. அதனால் சமநிலை இதற்குக் காரணமல்ல. வினையூக்கி செத்துக்கொண்டிருக்கிறதோ என்று 150-க்குத் திரும்பினேன், பழைய வேகம் அப்படியே திரும்பி வந்தது. சூடு கூடும்போது டொலுயீன் பரப்பில் ஒட்டி நிற்கும் அளவு குறைகிறது. ஒட்டி நிற்பவை விரைவாக வினைபுரிந்தாலும் அவற்றின் எண்ணிக்கை அதைவிட விரைவாகச் சரிகிறது. பென்சீனுக்கும் டொலுயீனுக்கும் நிக்கலிலும் பிளாட்டினத்திலும் நன்கு அறியப்பட்ட நடத்தைதான் இது. ஆனாலும் சொந்தக் கையால் வரைந்த கோட்டில் அந்த மலை முகடு எழும்பியபோது எனக்கு ஏற்பட்ட நிறைவை எழுத்தில் கொண்டுவருவது கடினம். முதல் ஓட்டத்தின் புதிரும் இதனோடு அவிழ்ந்தது. உள்ளே 229 பாகையில் இருந்த படுகை முகட்டின் மறுபக்கச் சரிவில் நின்றுகொண்டிருந்தது; சுவரைக் குளிர்வித்தபோது அது முகட்டை நோக்கி ஏறியிருக்கிறது.

அடுத்து, 0.5 கிராம் வினையூக்கியைப் புதிதாக நிரப்பி நீண்ட ஓட்டம். முதல் ஆறு மணி நேரம் ஒளிவிலகல் எண் நான்காம் தசமத்தில்கூட அசையவில்லை. அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாம் நலம் என்றே எழுதியிருப்பேன். ஆனால் மணிக்கு ஒரு முறை தெர்மோகப்பிளை நகர்த்தி அச்சு நெடுக வெப்பநிலையைக் குறித்துவந்ததால் வேறொன்று தெரிந்தது. தொடக்கத்தில் வெப்ப உச்சி படுகையின் மேல்முனையிலிருந்து 0.8 சென்டிமீட்டரில் இருந்தது. ஆறாவது மணியில் அது 1.9-க்கு வந்திருந்தது, பதினொன்றாவது மணியில் 3.1. உச்சிக்கு மேலே இருந்த பகுதி முழுவதும் சுவரின் வெப்பநிலைக்கே ஆறிப்போயிருந்தது. அங்கே வினை நடக்கவில்லை, நிக்கல் செத்துவிட்டது. கீழே மிச்சமிருந்த நல்ல பகுதி முழு வேலையையும் சுமந்துகொண்டிருந்ததால் வெளிவரும் திரவம் அதைக் காட்டவில்லை. பதினான்காவது மணியில் உச்சி படுகையின் அடியை நெருங்கியது. மாற்றவிகிதம் அதன் பிறகே சரியத் தொடங்கி, ஒரே மணி நேரத்தில் பாதிக்கும் கீழே போயிற்று. விளைபொருளை மட்டும் அளப்பவருக்கு அது திடீர்ச் சாவாகத் தோன்றியிருக்கும். உண்மையில் முதல் மணியிலிருந்தே படிப்படியாக நடந்துகொண்டிருந்த சாவு அது.

இப்படி மேலிருந்து கீழாக ஒழுங்காக நகரும் முகப்பு, ஊட்டத்தோடு வரும் நச்சின் அடையாளம். துகள்கள் திரண்டு பருத்திருந்தால் படுகை முழுவதும் ஒருசேரத் தளர்ந்திருக்கும். கரிப்படிவாக இருக்கலாமோ என்று ஓர் இரவு முழுவதும் 450 பாகையில் ஹைட்ரஜன் ஓட்டிப் பார்த்தேன். மாற்றவிகிதம் சில புள்ளிகளே மீண்டது. நிக்கலை இவ்வளவு பிடிவாதமாகப் பற்றிக்கொள்வது பெரும்பாலும் கந்தகம். அப்போதுதான் அந்தப் பத்தில் ஓர் அணு என்ற எண் உதவிக்கு வந்தது. 0.5 கிராம் வினையூக்கியில் 1.28 மில்லிமோல் நிக்கல், பரப்பில் 0.128. ஒரு கந்தக அணு சுமார் இரண்டு நிக்கல் அணுக்களை முடக்குகிறது என்று கொண்டால், 2 மில்லிகிராம் கந்தகம் படுகை முழுவதையும் கொல்லப் போதும். 14 மணி நேரத்தில் சென்ற டொலுயீன் 36 கிராம். அப்படியானால் டொலுயீனில் கந்தகம் பத்து லட்சத்தில் 56 பங்கு இருந்தால் கணக்கு நேராகிறது. கரைப்பானாகப் பயன்படுத்துபவர் எவரும் கவனிக்கத் தேவையில்லாத அளவு அது.

நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த டொலுயீனில் மெத்தில் தையோஃபீன்கள் கலந்திருக்கும். டொலுயீன் 110.6 பாகையில் கொதிக்க, அவை அதற்கு மூன்று, நான்கு பாகை மேலே கொதிப்பதால் சாதாரணக் காய்ச்சி வடித்தலில் பிரிவதில்லை. பென்சீனும் தையோஃபீனும் இதே உறவில் இருப்பவை. அங்கிருந்துதான் தையோஃபீனே கண்டுபிடிக்கப்பட்டது. ஐசாட்டினும் அடர் கந்தக அமிலமும் சேர்த்தால் பென்சீன் நீலநிறம் தரும் என்று வெகுநாள் நம்பியிருந்தார்கள். விக்டர் மேயர் 1882-இல் பென்சோயிக் அமிலத்திலிருந்து அப்போதே தயாரித்த தூய பென்சீனைக் கொண்டு அந்தச் சோதனையைச் செய்துகாட்டியபோது நீலம் வரவில்லை; நீலத்துக்குக் காரணம் நிலக்கரிப் பென்சீனில் ஒளிந்திருந்த கந்தகச் சேர்மம் என்று தெரியவந்தது. அதே சோதனையை என் புட்டியிலிருந்த டொலுயீனுக்குச் செய்தேன். சில நிமிடங்களில் அமில அடுக்கு நீலப்பச்சையாக மாறியது. இந்த வேலையில் இரண்டாவது முறையாக நீலம் என்னை நிறுத்தியது.

தூய்மைப்படுத்தப் பழைய முறையையே பின்பற்றினேன். டொலுயீனைப் பனிநீரில் குளிரவைத்து, அடர் கந்தக அமிலத்தின் சிறு பங்கோடு சேர்த்துக் குலுக்கிப் பிரித்தேன். 30 பாகைக்கு மேல் போகவிடக் கூடாது, டொலுயீனே சல்ஃபோனிக் அமிலமாக மாறத் தொடங்கிவிடும். முதல் அமிலப் பங்கு பழுப்பாக வந்தது. நான்காவது ஏறக்குறைய நிறமற்று இருந்தது. பிறகு தண்ணீர், சோடியம் பைகார்பனேட் கரைசல், மறுபடி தண்ணீர் என்று கழுவி, கால்சியம் குளோரைடில் உலர்த்தி, வடித்தெடுத்தேன். ஐசாட்டின் சோதனையில் இம்முறை நிறம் எழவில்லை.

செத்த படுகையைக் கொட்டிவிட்டு, இரண்டாம் தயாரிப்பின் மிச்சத்திலிருந்து 0.5 கிராமை அதே முறையில் நிரப்பி, ஒடுக்கி, தூய்மையாக்கிய டொலுயீனில் ஓட்டினேன். 60 மணி நேரம் இடைவிடாமல் ஓடியது. மாற்றவிகிதம் 97-க்கும் 96-க்கும் இடையிலேயே நின்றது. அதைவிட முக்கியமாக, 0.8 சென்டிமீட்டரில் தொடங்கிய வெப்ப உச்சி அறுபதாவது மணியில் 1.0-இல் இருந்தது. இரண்டு மில்லிமீட்டர் நகர்வு எஞ்சிய கந்தகத்தின் கணக்கு என்று கொள்கிறேன். இதே வேகத்தில் போனால் அடிமுனையைத் தொட ஆயிரம் மணி நேரத்துக்குக் குறையாது.

ஓட்டத்தை நிறுத்தும்போது டொலுயீனை முதலில் அடைத்து, ஒரு மணி நேரம் ஹைட்ரஜன் மட்டும் ஓட்டி, நைட்ரஜனுக்கு மாறி அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்தேன். ஒடுங்கிய நிக்கலை அப்படியே காற்றில் திறந்தால் தானே பற்றிக்கொண்டு சிவக்கும். அதனால் நூற்றுக்கு ஒரு பங்கு ஆக்சிஜன் கலந்த நைட்ரஜனை மிக மெதுவாகச் செலுத்தினேன். தெர்மோகப்பிள் 7 பாகை ஏறியது. அந்த ஏற்றமும் மேல்முனையில் தொடங்கிக் கீழ்நோக்கி நகர்ந்து, நாற்பது நிமிடத்தில் அடியைக் கடந்து மறைந்தது. அதன் பிறகே குழாயைத் திறந்து, படுகையை மேல், நடு, கீழ் என்று மூன்று பகுதியாகப் பிரித்துத் தனித்தனிப் புட்டிகளில் அடைத்து, உயரத்தை மேலே எழுதி வைத்திருக்கிறேன். மேல்பகுதியில் கந்தகத்தை அளந்து பார்ப்பதும், அதே வினையூக்கியில் நாஃப்தலீனை டெட்ராலின் வரையிலும் டெக்காலின் வரையிலும் ஏற்றிப் பார்ப்பதும் அடுத்த வேலைகள். நாஃப்தலீனுக்கும் முதல் காரியமாக ஐசாட்டின் சோதனையைச் செய்துவிட்டேன். அதிலும் நீலம் தெரிகிறது.